கண்டெய்னருக்குள் கோப்பு முறைமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனிலும் சுற்றுத் தோட்டங்களிலும் நான் உதவப் போகிற இடங்களில் கண்டெய்னர்கள் சத்தமில்லாமல் வந்துவிட்டன. உதிரிபாகக் கடையின் சரக்குக் கணக்கு, தோட்ட ஆபீசின் பெரட்டுப் பதிவு (காலை வருகைக் கணக்கு), தமிழ்ப்பள்ளியின் படத் தொகுப்பு எல்லாம் பழைய கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டு, கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. கேள்விகளும் எங்கே போனாலும் ஒன்றுதான்: கோப்பு எங்கே போனது, ஏன் எழுத முடியவில்லை, டிஃபால்ட்டை எங்கே மாற்றுவது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்லும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

1. அக்கா, கண்டெய்னர்னா சின்ன விர்ச்சுவல் மெஷின்தானே? அதுக்குத் தனியா ஹார்ட் டிஸ்க் இருக்கா?

இல்லை. விர்ச்சுவல் மெஷினுக்குச் சொந்தமாக ஒரு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உண்டு, ஃபார்மட் செய்த மெய்நிகர் டிஸ்க் உண்டு. கண்டெய்னருக்கு இரண்டும் கிடையாது. அது ஹோஸ்டின், அதாவது அதைத் தாங்கும் கணினியின், கெர்னலிலேயே ஓடும் சாதாரண ப்ரோசஸ்தான். எந்தக் கோப்புகள் அதன் கண்ணில் படும், எந்த ப்ரோசஸ்கள் தெரியும் என்பதை மட்டும் கெர்னல் பிரித்துக் காட்டுகிறது. 1979இல் யூனிக்ஸில் வந்த சிஹெச்ரூட், 2000இல் ஃப்ரீபிஎஸ்டியின் ஜெயில், 2005இல் சோலாரிஸ் 10இன் ஸோன், 2008இல் எல்எக்ஸ்சி, 2013இல் டாக்கர் என்று இந்த யோசனை படிப்படியாக வளர்ந்து வந்தது.

ஆகவே கண்டெய்னருக்குள் எழுதுவது பொதுவாக ஹோஸ்டின் டிஸ்க்கில்தான் விழுகிறது. ஹோஸ்டில் இருப்பது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை என்றால், கண்டெய்னருக்கு அடியில் இருப்பதும் அதே எக்ஸ்ட்4தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

2. உள்ளே டிஎஃப் அடிச்சா 500 ஜிபி காட்டுது. அவ்வளவும் இந்த ஒரு கண்டெய்னருக்கா?

டிஎஃப் என்பது டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை. அந்த 500 ஜிபி ஹோஸ்ட் டிஸ்க்கின் அளவு. டாக்கரில் ஒரு கண்டெய்னருக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு, நாமாக வைக்காதவரை, இல்லை. பத்துக் கண்டெய்னர் இருந்தால் பத்தும் அதே 500ஐக் காட்டும். ஒன்று கட்டுப்பாடில்லாமல் எழுதினால் மற்ற ஒன்பதும் சேர்ந்து நின்றுவிடும். வரம்பு வைக்கும் வழியை 12ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

3. நேத்து ஏத்தின டேட்டா இன்னைக்குக் காணோம். நான் எதையும் அழிக்கலையே?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இது. இமேஜ் என்பது கண்டெய்னர் உருவாகும் மூலப் பொதி; எழுத முடியாத பல அடுக்குகள் கொண்டது. கண்டெய்னர் தொடங்கும்போது அவற்றின் மேல் எழுதக்கூடிய ஒரு மெல்லிய அடுக்கு விரிக்கப்படுகிறது. தோட்ட ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் நிரை வரைபடத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை விரித்து, அதில் பென்சிலால் குறிப்பதுபோல. பார்க்கிறவருக்கு இரண்டும் சேர்ந்தே தெரியும். தாளை எடுத்துப் போட்டால் குறிப்புகள் போய்விடும், வரைபடம் அப்படியே இருக்கும். லினக்ஸில் இந்த வேலையைச் செய்வது ஓவர்லே கோப்பு முறைமை. 2014இல் கெர்னல் 3.18இல் அது அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது.

கண்டெய்னரை நிறுத்தினாலோ ரீஸ்டார்ட் செய்தாலோ மேல் அடுக்கு போகாது. நீக்கினால்தான் போகும். சிக்கல் என்னவென்றால், நீங்கள் 'நீக்கு' என்று சொல்லாமலேயே நீக்கம் நடக்கும். கண்டெய்னர்களின் அமைப்பை ஒரு கோப்பில் எழுதி ஓட்டும் கருவி காம்போஸ். புதிய இமேஜை இறக்கிவிட்டு 'டாக்கர் காம்போஸ் அப்' கொடுத்தால் பழைய கண்டெய்னர் போய்ப் புதியது வருகிறது. 'ஆர்எம்' என்ற தேர்வோடு 'டாக்கர் ரன்' கொடுத்திருந்தால், ப்ரோகிராம் முடிந்த கணமே கண்டெய்னரும் போய்விடும். அதனால் வைத்திருக்க வேண்டிய எதையும் இந்த மேல் அடுக்கில் எழுதக் கூடாது. அமைப்புகளும் அப்படித்தான். உள்ளே போய் மாற்றியது அடுத்த அப்டேட் வரைக்கும்தான் நிற்கும். வெளியே எழுதி வைத்ததுதான் நிலைக்கும்.

4. வால்யூம், பைண்ட் மவுண்ட், டெம்ப்எஃப்எஸ்னு மூணு இருக்கே. எதுக்கு எது?

வால்யூம் என்பது டாக்கரே பராமரிக்கும் போல்டர். /வார்/லிப்/டாக்கர்/வால்யூம்ஸ் என்ற இடத்தில் இருக்கும். டேட்டாபேஸுக்கு இதுதான் சரி. பைண்ட் மவுண்ட் என்பது ஹோஸ்டில் உள்ள ஒரு போல்டரையோ கோப்பையோ அப்படியே உள்ளே காட்டுவது. நீங்கள் கையால் திருத்தும் அமைப்புக் கோப்பு, கடை ஆட்கள் ஃபைல் மேனேஜரில் திறந்து பார்க்கும் ரசீது போல்டர் போன்றவற்றுக்கு அது பொருந்தும். டெம்ப்எஃப்எஸ் ரேம் நினைவகத்தில் மட்டும் இருக்கும். கண்டெய்னர் நின்றால் காலி. தற்காலிகக் கோப்புக்கும், டிஸ்க்கில் தடம் விடக் கூடாத ரகசியத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பைண்ட் மவுண்டை 'வி' என்ற குறுந்தேர்வால் எழுதாமல் 'மவுண்ட்' என்ற நீளத் தேர்வால் எழுதுவது நல்லது. குறுந்தேர்வில் போல்டர் பெயரைத் தப்பாக அடித்தால், டாக்கர் அந்தத் தப்புப் பெயரிலேயே ரூட் உரிமையில் ஒரு காலி போல்டரை உருவாக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். நீளத் தேர்வில் எழுதினால் அப்படி ஒரு போல்டர் இல்லை என்று சொல்லி உடனே நின்றுவிடும்.

5. உள்ளே போய் எஃப்எஸ்டேப் கோப்புல வரி சேர்த்தேன். எத்தனை தடவை ரீஸ்டார்ட் பண்ணாலும் மவுண்ட் ஆகலையே?

ஆகாது. எஃப்எஸ்டேப் கோப்பைப் படித்து மவுண்ட் செய்வது கணினி பூட் ஆகும்போது ஓடும் இனிட் ப்ரோகிராமின் வேலை. டாக்கர் கண்டெய்னரில் பூட் என்பதே இல்லை. நேராக உங்கள் ப்ரோகிராம்தான் முதல் ப்ரோசஸாக ஓடுகிறது. கையால் 'மவுண்ட்' கட்டளை அடித்தாலும், அதற்கு வேண்டிய சிறப்பு உரிமையை டாக்கர் டிஃபால்ட்டாகக் கொடுப்பதில்லை. சிலர் 'ப்ரிவிலேஜ்டு' என்ற தேர்வைப் போட்டு இந்தத் தடையைத் தாண்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கண்டெய்னர் என்ற வேலி ஏறக்குறைய முழுவதுமாகப் போய்விடும்.

மவுண்ட் விருப்பங்களை வால்யூம் உருவாக்கும்போதே வெளியிலிருந்து கொடுக்கலாம். 'லோக்கல்' ட்ரைவருக்கு டைப், டிவைஸ், ஓ என்று மூன்று ஆப்ஷன்கள் உண்டு. பள்ளியில் நெட்வொர்க் வழியே போல்டர் பகிரும் என்எஃப்எஸ் சர்வரின் போல்டரோ, 100 எம்பிக்கு மேல் வளராத டெம்ப்எஃப்எஸ்ஸோ, எஃப்எஸ்டேப்பில் என்ன எழுதுவீர்களோ அதை அந்த மூன்றிலும் பிரித்து எழுதுங்கள். காம்போஸ் கோப்பிலும் 'ட்ரைவர் ஆப்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் இதையே எழுதலாம்.

6. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தினேன். மறுபடி பழையபடி ஆயிடுச்சு.

நெட்வொர்க் பெயர்களுக்கான ஹோஸ்ட்ஸ், ஹோஸ்ட்நேம், ரிசால்வ்.கான்ஃப் ஆகிய மூன்று கோப்புகளையும் டாக்கரே தயாரித்து உள்ளே மவுண்ட் செய்கிறது. இமேஜில் உள்ளது பயன்படாது. காம்போஸில் 'எக்ஸ்ட்ரா ஹோஸ்ட்ஸ்', 'டிஎன்எஸ்' என்ற தலைப்புகளில் எழுதுங்கள்.

7. மவுண்ட் பண்ணதும் போல்டர் காலியாயிடுச்சு. இமேஜ்ல இருந்த கோப்பெல்லாம் போச்சா?

போகவில்லை, மறைந்திருக்கிறது. பைண்ட் மவுண்ட் செய்தால் ஹோஸ்ட் போல்டர்தான் தெரியும். இமேஜில் அதே இடத்தில் இருந்தவை அதற்கு அடியில் மறைந்துவிடும். மவுண்டை எடுத்தால் திரும்பத் தெரியும்.

காலியான வால்யூமை மவுண்ட் செய்தால் நடப்பது வேறு. இமேஜில் அந்த இடத்தில் இருந்த கோப்புகளை டாக்கர் முதல் தடவை வால்யூமுக்குள் நகல் எடுத்துப் போடுகிறது. முதல் தடவை மட்டும்தான். இமேஜைப் பிறகு புதுப்பித்தாலும் வால்யூமில் பழைய நகல்தான் கிடக்கும். 'அப்டேட் பண்ணியும் பழைய அமைப்பே வருது' என்று சொல்கிறவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான்.

8. பெர்மிஷன் டினைட்னு வருது. 777 போட்டுடலாமா?

வேண்டாம். 777 போட்டால் அந்தக் கணினியில் ஓடும் எதுவும் அந்தக் கோப்பை மாற்றலாம், அழிக்கலாம். காரணத்தைக் கண்டுபிடித்தால் தீர்வு சுலபம். கெர்னலுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். ஹோஸ்டில் உங்கள் யூஸர் எண் 1000. உள்ளே ஓடும் ப்ரோகிராமின் எண் வேறு. இரண்டு பக்கமும் பெயர் ஒன்றாக இருந்தாலும் எண் ஒத்துப்போகாவிட்டால் கதவு திறக்காது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் அதிகாரபூர்வ இமேஜை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் லினக்ஸ் அடிப்படையில் உள்ளதில் அதன் யூஸர் எண் 999, ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் 70. இணைய சர்வர்களின் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ டேட்டா' யூஸர் டெபியனில் 33, ஆல்பைனில் 82. இமேஜ் சின்னதாக இருக்கிறதே என்று டெபியனிலிருந்து ஆல்பைனுக்கு மாறினவுடன் எல்லாம் முறைப்பதற்கு இதுதான் காரணம். உள்ளே 'ஐடி' கட்டளை அடித்து எண்ணைப் பாருங்கள். ஹோஸ்டில் 'எல்எஸ்' கட்டளைக்கு 'எல்என்' சேர்த்து அடித்தால் பெயருக்குப் பதில் எண் வரும். அப்புறம் ஒன்று, ஹோஸ்டில் 'சௌன்' கட்டளையால் போல்டரின் உரிமையை உள்ளே இருக்கும் எண்ணுக்கு மாற்றுங்கள். அல்லது காம்போஸில் 'யூஸர்' என்ற வரியில் 1000:1000 என்று எழுதுங்கள். இரண்டாவது வழிக்கு எல்லா இமேஜும் ஒத்துழைக்காது. ஃபெடோரா போன்ற, செலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்புக் காவல் உள்ள கணினியில் எண் சரியாக இருந்தும் மறுத்தால், மவுண்டின் கடைசியில் சிறிய அல்லது பெரிய 'இஸட்' சேர்க்க வேண்டியிருக்கும். பல கண்டெய்னர்கள் பகிர்ந்தால் சிறியது, ஒன்றுக்கு மட்டும் என்றால் பெரியது.

9. சரி, பழைய கோப்பு சரியாச்சு. ஆனா புதுசா உருவாகுற ஒவ்வொண்ணும் மத்தவங்க எழுத முடியாத மாதிரி 644ஆவே வருதே?

அது யூமாஸ்க், அதாவது புதுக் கோப்பின் உரிமைகளில் எவற்றைக் கழிக்க வேண்டும் என்று சொல்லும் எண். டிஃபால்ட் 022. அதனால் கோப்பு 644 ஆகவும் போல்டர் 755 ஆகவும் பிறக்கும். இமேஜ் கட்டும் வழிமுறைக் கோப்பான டாக்கர்ஃபைலில் 'ரன் யூமாஸ்க் 002' என்று எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு ரன் வரியும் தனி ஷெல்லில் ஓடி முடிந்துவிடுகிறது, யூமாஸ்க்கும் அதோடு போய்விடுகிறது. கண்டெய்னர் தொடங்கும்போது ஓடும் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்டில், ப்ரோகிராமைக் கூப்பிடும் வரிக்கு முன் எழுதுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, இமேஜைத் தொடாமல் ஹோஸ்ட் போல்டரிலேயே அமைத்துவிடுவது. போல்டருக்கு 2775 கொடுத்தால் உள்ளே பிறக்கும் எல்லாம் அதே குரூப்பைப் பெறும். அதோடு 'செட்எஃப்ஏசிஎல்' கட்டளையில் 'டி' தேர்வு போட்டு டிஃபால்ட் ஏசிஎல் (யார் யாருக்கு என்ன உரிமை என்ற பட்டியல்) எழுதிவிட்டால், அந்தப் போல்டரில் யூமாஸ்க்கின் பேச்சு எடுபடாது. கெர்னல் ஒன்றே என்பதால், வெளியே எழுதிய இந்த விதி பைண்ட் மவுண்ட் வழியாக உள்ளேயும் செல்லும். மூன்று ஆசிரியர்களும் ஒரு கண்டெய்னரும் சேர்ந்து எழுதும் பள்ளிப் போல்டருக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை.

10. ஏம்மா, ஒவ்வொரு கண்டெய்னரா போய் மாத்தணுமா? எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே இடத்துல டிஃபால்ட் எழுத முடியாதா?

முடியும். ஒரு தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஐயா கேட்டது இது, கேட்கவேண்டிய கேள்வி. டாக்கரில் /இடிசி/டாக்கர் போல்டரில் 'டீமன்.ஜேசான்' என்ற கோப்பில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாமே உருவாக்கலாம். அதில் முதலில் சரிசெய்ய வேண்டியது லாக், அதாவது ப்ரோகிராம் ஓடும்போது வெளியிடும் செய்திகளின் பதிவு. டிஃபால்ட் லாக் ட்ரைவர் ஜேசான்-ஃபைல். அதற்கு அளவு வரம்பே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். 'மேக்ஸ் சைஸ்' 10 எம்பி, 'மேக்ஸ் ஃபைல்' 3 என்று வையுங்கள். அல்லது ட்ரைவரையே 'லோக்கல்' என்று மாற்றினால் அது தானாகவே சுழற்றிக்கொள்ளும். பகிர்வு நினைவகமான /டெவ்/எஸ்ஹெச்எம் டிஃபால்ட்டாக 64 எம்பிதான். க்ரோம் வைத்து பிடிஎஃப் அச்சிடும் ப்ரோகிராம் காரணமில்லாமல் விழுந்தால் இதைச் சந்தேகியுங்கள். 'டிஃபால்ட் எஸ்ஹெச்எம் சைஸ்' என்ற வரியில் கூட்டலாம்.

டேட்டா முழுவதையும் இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்ற 'டேட்டா ரூட்' என்ற வரி இருக்கிறது. டாக்கர் 29 முதல், புதிதாக நிறுவிய கணினிகளில் இமேஜ்களும் மேல் அடுக்குகளும் /வார்/லிப்/கண்டெய்னர்டி அடைவில் இருக்கின்றன. டேட்டா ரூட் வரி அதை நகர்த்தாது. அதைத் தனியாக மாற்ற வேண்டும்.

கோப்பை மாற்றி டாக்கரை ரீஸ்டார்ட் செய்த பிறகும் 'ஒண்ணும் மாறலையே' என்பார்கள். லாக் அமைப்பு கண்டெய்னர் உருவாகும் நேரத்தில் பதிவாகிவிடுகிறது. ஏற்கெனவே இருப்பவை பழைய அமைப்பிலேயே ஓடும். அவற்றை நீக்கிப் புதிதாக உருவாக்க வேண்டும். டேட்டாவை 4ஆம் கேள்வியில் சொன்னபடி வால்யூமில் வைத்திருந்தால் இதில் பயமில்லை.

11. நாங்க எல்எக்ஸ்டி போட்டிருக்கோம். அங்க எப்படி?

எல்எக்ஸ்டி, டாக்கரைப் போலவே கண்டெய்னர்களை ஓட்டும் இன்னொரு மென்பொருள். அங்கே இன்னும் ஒழுங்காக இருக்கும். எல்எக்ஸ்டியிலும், 2023இல் அதிலிருந்து பிரிந்த இன்கஸிலும் 'டிஃபால்ட்' என்ற ப்ரொஃபைல் இருக்கிறது. அதில் 'ரூட்' என்ற டிஸ்க் எந்தப் பூலிலிருந்து (சேமிப்பிடத் தொகுப்பிலிருந்து) வருகிறது, எவ்வளவு பெரியது என்று எழுதியிருக்கும். அதில் 'சைஸ்' 10 ஜிபி என்று வைத்தால் அந்த ப்ரொஃபைலை ஏற்ற எல்லாக் கண்டெய்னர்களுக்கும் அது பொருந்தும். ஒன்றுக்கு மட்டும் கூடுதல் வேண்டுமானால் 'கான்ஃபிக் டிவைஸ் ஓவர்ரைடு' கட்டளை இருக்கிறது. இந்த வரம்பு இஸட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகளில் அமைந்த பூல்களில் நேராக வேலை செய்யும். 'டிர்' வகைப் பூலில் அடியிலுள்ள கோப்பு முறைமையில் போல்டருக்கு அளவு வரம்பு வைக்கும் ப்ராஜெக்ட் கோட்டாவை இயக்கியிருந்தால்தான் பலிக்கும்.

எல்எக்ஸ்டி கண்டெய்னரில் ரூட்டின் எண் உள்ளே 0. வெளியே அது பெரிய ஓர் எண்ணாக மாற்றப்படுகிறது. பாதுகாப்புக்கு மிக நல்லது. ஆனால் ஹோஸ்ட் போல்டரை உள்ளே காட்டினால் எல்லாம் 'நோபடி' பெயரில் தெரியும். டிஸ்க் டிவைஸில் 'ஷிஃப்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் எண்கள் சரியாகிவிடும். டாக்கரிலும் 'யூஸர்என்எஸ் ரீமேப்' என்று இதே வசதி உண்டு. அதை இயக்கினால் டாக்கர் வேறொரு உட்போல்டரில் புதிதாகத் தொடங்கும், பழைய இமேஜும் வால்யூமும் காணாமல் போனதுபோலத் தோன்றும். புதுக் கணினியில் முதல் நாளே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

12. டாக்கர் கண்டெய்னருக்கு 10 ஜிபிக்கு மேல போகாதேன்னு சொல்ல முடியுமா?

3ஆம் கேள்வியில் சொன்ன ஓவர்லேயைக் கையாளும் ஓவர்லே2 ட்ரைவரில் முடியும், ஒரு நிபந்தனையோடு. அடியில் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமை இருக்க வேண்டும், அதை 'பிகோட்டா' விருப்பத்தோடு மவுண்ட் செய்திருக்க வேண்டும். அப்படியானால் டீமன்.ஜேசானில் 'ஓவர்லே2.சைஸ்' என்று டிஃபால்ட் எழுதலாம். எக்ஸ்ட்4இல் இது நடக்காது. இந்த வரம்பு மேல் அடுக்குக்கு மட்டும்தான், வால்யூமுக்கு இல்லை. வளர்வதெல்லாம் வால்யூம்தானே. அதனால் சிறிய ஆபீசுகளுக்கு நான் சொல்வது: டேட்டாவுக்குத் தனிப் பார்ட்டிஷன் போட்டு அங்கே பைண்ட் மவுண்ட் செய்யுங்கள். அது நிரம்பினாலும் சிஸ்டம் நிற்காது.

13. டிஸ்க்ல இடம் இருக்கு. ஆனாலும் இடமில்லைன்னு சொல்லுதே?

'டிஎஃப்' கட்டளைக்கு 'ஐ' சேர்த்து அடித்துப் பாருங்கள். ஐநோடு 100 சதவீதம் என்று வந்தால், இடம் இருந்தும் கோப்புக்கான எண்கள் தீர்ந்துவிட்டன. எக்ஸ்ட்4 டிஃபால்ட்டாக 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோடுதான் ஒதுக்குகிறது. குட்டிக் குட்டியாக லட்சக்கணக்கில் கேஷ் கோப்பு எழுதும் ப்ரோகிராம் அதைத் தின்றுவிடும். ஃபார்மட் செய்தபின் கூட்ட முடியாது. கோப்புகளை அழிக்க வேண்டும், அல்லது வேறு பார்ட்டிஷனுக்கு மாற வேண்டும்.

உண்மையிலேயே இடம் நிரம்பியிருந்தால் 'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' எங்கே போனது என்று காட்டும். 'டாக்கர் வால்யூம் ப்ரூன்' அடிக்கும் முன் பதிப்பைப் பாருங்கள். 23ஆம் பதிப்பு முதல் அது பெயரில்லாத வால்யூம்களை மட்டும் அழிக்கும். 'ஆல்' சேர்த்தால் பெயருள்ளவற்றையும் அழிக்கும். அதற்கு முந்தைய பதிப்புகளில் சும்மா அடித்தாலே, அப்போது எந்தக் கண்டெய்னரிலும் மாட்டப்படாத எல்லா வால்யூமும் போய்விடும்.

14. யாரும் உள்ளே எதையும் மாத்த முடியாம பூட்டி வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். காம்போஸில் 'ரீட் ஒன்லி' வரியை 'ட்ரூ' ஆக்கினால் ரூட் கோப்பு முறைமை முழுவதும் படிக்க மட்டும் என்றாகிவிடும். பல ப்ரோகிராம்கள் உடனே முறையிடும், ஏனென்றால் /டெம்ப், /ரன் போன்ற இடங்களில் அவை எழுதியாக வேண்டும். அந்த இடங்களுக்கு மட்டும் டெம்ப்எஃப்எஸ் கொடுங்கள். எங்கெல்லாம் எழுதுகிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. பூட்டாமல் சிறிது நேரம் ஓடவிட்டு 'டாக்கர் டிஃப்' அடித்தால், மேல் அடுக்கில் சேர்ந்தது, மாறியது, நீங்கியது எல்லாவற்றையும் பட்டியலிடும்.

டாக்கரின் டெம்ப்எஃப்எஸ் டிஃபால்ட்டாக 'நோஎக்செக்', 'நோஎஸ்யூஐடி' என்ற விருப்பங்களோடு வரும், அதாவது அங்கே போட்ட ப்ரோகிராமை ஓட்ட முடியாது. பாதுகாப்புக்கு நல்லது. அளவு சொல்லாவிட்டால் ஹோஸ்ட் ரேமில் பாதி வரை போகலாம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் கட்டாயம் அளவு சொல்லுங்கள்.

15. தமிழ்ல பேர் வச்ச கோப்பெல்லாம் உள்ளே கேள்விக்குறியாத் தெரியுது. பேர் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. லினக்ஸ் கோப்பு முறைமை பெயரை வெறும் பைட்டுகளாகத்தான் வைத்திருக்கிறது. பல இமேஜ்களில் லொக்கேல் (மொழி, எழுத்துக் குறியாக்க அமைப்பு) இல்லாததால் காட்டத் தெரியவில்லை, அவ்வளவுதான். காம்போஸில் 'லேங்' என்ற சூழல் மாறிக்கு 'சி.யூடிஎஃப்-8' என்று கொடுங்கள். டெபியன் வகை இமேஜ்களில் வேறெதுவும் நிறுவ வேண்டியதில்லை.

நீளத்திலும் கவனம் வேண்டும். எக்ஸ்ட்4இல் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8இல் 3 பைட். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. உள்ளே த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, 15 பைட். ஆகவே மொத்தம் 85 குறிதான் இடம். விண்டோஸில் 255 என்பது எழுத்துக் குறிகளின் கணக்கு என்பதால் அங்கே நீளமாக வைத்த பெயர் இங்கே வரும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடும். பள்ளி விழாப் படங்களுக்கு முழு வாக்கியத்தைப் பெயராக வைக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: 'கொ' என்பதை, ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்று, கோப்பு முறைமைக்கு வேறு வேறு. ஒரே போல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு தெரிந்தாலோ, கண்ணெதிரே இருக்கும் கோப்பைப் ப்ரோகிராம் 'இல்லை' என்றாலோ இதுதான் காரணமாக இருக்கும். 'கான்வ்எம்வி' என்ற கருவியில் 'என்எஃப்சி' தேர்வைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரலாம்.

16. காலையில ஆறு மணிப் பெரட்டு முந்தின நாள் ராத்திரி பத்துன்னு பதிவாகுது.

கண்டெய்னரின் டிஃபால்ட் நேரம் யூடிசி. நாம் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 'டிஇஸட்' மாறிக்கு 'ஏசியா/கோலாலம்பூர்' கொடுங்கள், இரண்டு சொல்லுக்கும் நடுவில் கோலாவுக்குப் பின் அடிக்கோடு வரும். ஆல்பைன் இமேஜில் 'டிஇஸட் டேட்டா' பொதியை நிறுவினால்தான் பலிக்கும்.

17. சாயங்காலம் இடி மழையில கரன்ட் போய் வந்தா டேட்டாபேஸ் கெட்டுப்போகுமா?

டேட்டாபேஸ் வால்யூமில் இருந்தால், பெரும்பாலும் தானே மீண்டுகொள்ளும். போஸ்ட்கிரெஸ், மரியாடிபி எல்லாம் ஒவ்வொரு பதிவையும் டிஸ்க்குக்கு அழுத்தித் தள்ளிவிட்டுத்தான் 'முடிந்தது' என்று சொல்லும். சாதாரணக் கோப்புகள் அப்படியில்லை. எக்ஸ்ட்4 டிஃபால்ட்டாக 5 வினாடிக்கு ஒருமுறைதான் ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேட்டை) எழுதி முடிக்கும், அதனால் கடைசி நேரத்தில் எழுதியவை போகலாம். வேகத்துக்காக, டிஸ்க்கில் எழுதும் வரிசையைக் காக்கும் 'பேரியர்' வசதியை அணைக்கச் சொல்லும் குறிப்புகளை நம் ஊரில் யாரும் பின்பற்ற வேண்டாம். யுபிஎஸ் வாங்குங்கள்.

18. காம்போஸ் இருக்குற போல்டர் பேரை மட்டும்தான் மாத்தினேன். டேட்டா எல்லாம் போச்சு!

பதற வேண்டாம், போகவில்லை. காம்போஸ் வால்யூம் பெயருக்கு முன்னால் போல்டர் பெயரை ஒட்டிக்கொள்ளும். போல்டர் பெயர் மாறினால் புதுப் பெயரில் காலி வால்யூம் உருவாகும். 'டாக்கர் வால்யூம் எல்எஸ்' அடித்தால் பழையது இருக்கும். போல்டருக்குப் பழைய பெயரையே வைத்தால் எல்லாம் திரும்பி வரும். இனி நடக்காமலிருக்க, காம்போஸ் கோப்பில் வால்யூமுக்கு 'நேம்' என்ற வரியில் நிலையான பெயர் கொடுங்கள். சேர்ந்து வரும் ஒரு சந்தேகத்துக்கும் பதில்: 'காம்போஸ் டவுன்' பெயருள்ள வால்யூமை அழிக்காது, 'வி' சேர்த்தால் அழிக்கும்.

19. புதுக் கம்ப்யூட்டருக்கு மாறப்போறோம். வால்யூமை எப்படி எடுத்துட்டுப் போறது?

டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் போல்டரை நகல் எடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் நகலாகும். அதற்கென்று உள்ள டம்ப் கருவியால் எடுப்பதுதான் முதல் வழி. எஸ்க்யூலைட் என்றால் 'வால்' கோப்பும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் கடைசிப் பதிவுகள் விடுபடும்.

மற்ற வால்யூம்களுக்கு, கண்டெய்னரை நிறுத்திவிட்டு, ஒரு தற்காலிகக் கண்டெய்னரில் அந்த வால்யூமைப் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, பக்கத்தில் ஒரு பைண்ட் மவுண்டில் 'டார்' கோப்பாக எழுதுங்கள். 'நியூமரிக் ஓனர்' தேர்வை மறக்காதீர்கள். 8ஆம் கேள்வியில் சொன்ன எண்கள் மாறாமல் போய்ச் சேர அது வேண்டும். புதுக் கணினியில் விரித்து, கண்டெய்னரை ஓட்டி, நேற்றைய கணக்கு கண்ணுக்குத் தெரிகிறதா என்று திறந்து பாருங்கள். அது தெரியும்வரை பழைய கணினியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.